லாரி மேல் ஏறிய முட்டை

தன்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளும் பெண்ணால் ஊருக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. அவளைப் பெற்ற அப்பாவும் அதையே நம்பிவிட்டால்தான் வம்பு. எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாக நடந்தன.

எண்பதுகளின் நடுவில் சேலத்தில் விடுதியில் தங்கிக் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. தீவன மூட்டையும் முட்டை அட்டையுமாக வளர்ந்தவள் நான். கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில், 'இங்கே கம்ப்யூட்டர் கற்றுத்தரப்படும்' என்று பலகை மாட்டினார்கள். சேர்ந்தேன். செருப்பைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் ஏ.சி. அறைக்குள் நுழையவேண்டும். (எந்தச் சாமி சன்னதியிலும் நான் அவ்வளவு பயபக்தி காட்டியதில்லை.) உள்ளே இருந்தது ஒரு கனத்த விசைப்பலகை. அதிலிருந்து ஒரு வயர் சாதாரண கறுப்பு வெள்ளை டிவிக்குப் போகும். இன்னொரு வயர் டேப் ரிக்கார்டருக்குப் போகும். அவ்வளவுதான் கம்ப்யூட்டர். நான்கு வரி எழுதி, திரை முழுக்க என் பெயரை ஓடவிட்ட அன்றே இந்த நாட்டுக்கு இனி நான்தான் கதி என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். அவருடைய அப்பா சங்ககிரியில் லாரிகள் வைத்திருந்தார். 'கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போறதுன்னா போகட்டும்' என்று மாப்பிள்ளையே சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்ன மாப்பிள்ளை எங்கள் பக்கத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். போட்டோவிலும் குறை சொல்ல முடியாதபடி இருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே தவிப்பு. ஏனென்றால் இந்த வருஷம் கல்யாணம் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். இது தட்டிப்போனால் அடுத்து வரிசையில் காத்திருந்தவன் என் மாமன் மகன். அவனுக்கும் கோழிப்பண்ணைதான், எங்களுடையதைவிடப் பெரியது. கட்டிக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பவும் தீவன மூட்டைக்கே போகவேண்டியதுதான்.

பெண் பார்க்க நாள் குறித்ததும் அப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. (அப்பாவுக்கு யோசனை பிறந்தால் அம்மா உடனே தலையில் கை வைத்துக்கொள்வார்.)

"பாட்டுத் தெரியுமா, கோலந் தெரியுமான்னு கேக்கறதெல்லாம் பழசாயிப் போச்சு. எம்புள்ள கம்ப்யூட்டரே ஓட்டுவா. அதைய அவங்க கண்ணால பாக்கட்டும்" என்றார்.

"காப்பி கொண்டுபோயிக் குடுத்தாப் போதாதுங்களா? வாரவங்க முன்னால எதுக்குங்க இந்த வேடிக்கையெல்லாம்?" என்றார் அம்மா.

அம்மா சொன்னதை நாங்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் உருப்படியாகச் சொல்லப்பட்ட எதையும் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எதைக் காட்டுவது என்பது என் பொறுப்பு. கூட்டல் கழித்தல் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். இரண்டு பேர் ஆடுகிற மாதிரி ஓர் ஆட்டம் செய்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன். வகுப்பில் போரடிக்கும்போது எல்லாரும் ஆடுவோமே, குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு, ஒருத்தர் வட்டம் போட, இன்னொருத்தர் பெருக்கல் குறி போட, ஒரே வரிசையில் மூன்று வந்தால் வெற்றி. அதேதான். ஆனால் வட்டமும் பெருக்கலும் எவனும் போடுவான். நான் சாமானியப் பெண்ணா? பெண் வீடு கோழிப்பண்ணை, மாப்பிள்ளை வீடு லாரி. ஆகவே ஒரு காய் முட்டை, ஒரு காய் லாரி. இந்த நயத்தை நினைத்து நினைத்து நானே பூரித்துப்போனேன்.

வரைபடத்தாளில் சின்னச் சின்னக் கட்டங்களைக் கறுப்படித்து, அதை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டும். முட்டை சீக்கிரம் வந்துவிட்டது. லாரிதான் படுத்தி எடுத்தது. முதலில் செருப்பு மாதிரி இருந்தது, பிறகு இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆனது, கடைசியில் ஒருவழியாக சக்கரமெல்லாம் வைத்து லாரியாயிற்று. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்களை அழுத்தினால் அந்தந்தக் கட்டத்தில் காய் வந்து உட்காரும். உட்காரும்போது 'பீப்' என்று ஒரு சத்தம்கூட வைத்தேன்.

சோதித்துப் பார்க்க என் அறைத்தோழி விஜயாவை அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போவேன். அவள் ஆத்தூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். தோற்றவளை ஜெயித்தவள் திட்டவேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கம். அதை ஏன் நாம் செய்யவேண்டும், கம்ப்யூட்டரே செய்யட்டுமே என்று தோன்றியது. தோற்றவரின் காய் திரை நடுவில் பெரிதாக வரும். அதற்குக் கீழே, 'போய் மாடு மேய்' என்று எழுத்து வரும். தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ஏய், பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி இது வந்துடப் போகுதுடி" என்றாள் விஜயா.

"அப்புறம் எடுத்துக்கலாம்" என்றேன்.

(பிற்காலத்தில் இதே தொழிலில் தலை நரைத்தவள் சொல்கிறேன். எங்கள் தொழிலில் நடந்த நாசங்கள் அத்தனைக்கும் இந்த 'அப்புறம் எடுத்துக்கலாம்'தான் மூலகாரணம்.)

இரண்டு நாள் ஆடியதும் விஜயா தேறிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்டமெல்லாம் சமனிலேயே முடிந்தன. தோற்றால்தானே அந்த வசனம் வரும்? அது கண்ணிலேயே படாததால் அப்படி ஒன்று எழுதினோம் என்பதையே நான் சுத்தமாக மறந்துபோனேன். இன்னொரு விஷயத்தை மறக்கவில்லை, யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே காய் இருக்கும் கட்டத்தில் யாராவது மறுபடி காய் வைத்தால் என்ன செய்வது? நிறைந்த கட்டத்தில் எவராவது வைப்பார்களா என்று இருந்துவிட்டேன். ஆள் உட்கார்ந்திருக்கும் சீட்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு, 'இது நம்ம எடமுங்க' என்று சண்டைக்கு வரும் ஊரில் பிறந்து, வாரம் தவறாமல் அதே பஸ்ஸில் ஊருக்குப் போய்வந்துகொண்டு, எனக்கு இப்படி ஒரு நம்பிக்கை.

அடுத்தது கம்ப்யூட்டரை ஊருக்குக் கொண்டுபோவது. அப்பா நேரே சென்டருக்கு வந்தார். கையில் முட்டை அட்டைகள், கக்கத்தில் ஒரு நாட்டுக்கோழி. ஏ.சி. அறை வாசலில் நின்று, "ஏனுங்க சார், ஒரு ரெண்டு நாளைக்கு அந்தப் பொட்டியக் குடுத்தீங்கன்னா பத்தரமாக் கொண்டாந்து சேத்தர்றனுங்க" என்றார். பாடம் நடத்தும் சார் என்னைப் பார்த்தார். கோழி சாரைப் பார்த்தது. மரியாதைக்குக் கட்டுப்பட்டோ, கோழிக்குக் கட்டுப்பட்டோ அவர் ஒத்துக்கொண்டார். முட்டை வண்டியில், முட்டை அட்டைகளுக்கு நடுவே, போர்வை சுற்றிய கம்ப்யூட்டர் பயணமானது. "முட்டை ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது, இது மட்டும் அலுங்கக் கூடாது" என்று டிரைவரிடம் அப்பா சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். கல்யாண வீடு மாதிரி உறவுக் கூட்டம் வேறு. அப்பா கரை வேட்டி கட்டி, டிவிக்கு மாலை போட்டு, கண்ணாடியிலேயே சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா வாட்டசாட்டமான மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா அதற்கு நேர்மாறு. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டு விட்டத்தைக்கூட ஒருமுறை அளந்துவிட்டார். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. (குனிய வேண்டியவள் நான். நான் வயர் செருகிக்கொண்டிருந்தேன்.)

கச்சாயமும் முறுக்கும் வந்தன. காப்பி வந்தது. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மிணி, கேசட்டைப் போடு சாமி."

அந்தக் கம்ப்யூட்டருக்கு அணைத்த பிறகு நினைவு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் கேசட்டில் பதிந்து வைத்ததை ஓடவிட்டுத்தான் உள்ளே ஏற்றவேண்டும். ஏறும்போது அது போடும் சத்தத்தைக் கேட்காதவர்கள் பாக்கியசாலிகள். பூனையை ஊறுகாய் ஜாடிக்குள் அடைத்த மாதிரி 'கீயீயீ' என்று வீடே அலறியது. கேசட் என்றதும் பாட்டு வரும் என்று காத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"நாடா சிக்கிக்கிச்சாட்ட இருக்குது. பென்சில உட்டுச் சுத்திப் பாருங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இல்லீங்க மாமா, ப்ரோக்ராம் ஏறுதுங்க" என்றேன்.

"ஏறட்டும், ஏறட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு இன்னொரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டார்.

ஒருவழியாக ஏறியது. திரையில் கட்டங்கள் வந்ததும் கூட்டத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. முதல் கட்டத்தில் அப்பா வைத்த சந்தனப் பொட்டு. "இது யாரு வெச்ச காயுங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. நான் தாவணியால் துடைத்தேன். பிறகு விளக்கினேன். மாமா லாரி, எங்கப்பா முட்டை, மூன்று ஒரே வரிசையில் வந்தால் ஜெயிப்பு.

"நல்ல காரியத்துல முட்டையக் காட்டறாங்களே" என்று மாப்பிள்ளையின் அம்மா மெல்லச் சொன்னார்.

"எங்களுக்குச் சோறு போடறது அதுதானுங்க" என்றார் அப்பா.

அதுவரைக்கும் ஒரு மாதிரியாகச் சமாளித்தோம். ஆட்டத்தை யார் துவக்குவது என்ற இடத்தில்தான் சனி உள்ளே வந்தது. நான் எழுதியபடி முதலில் ஆடுவது முட்டை. அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"அதெப்படி? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இருக்கறப்ப நாம மொதல்ல கைய வெக்கறதா? நீங்க ஆரம்பிங்க மச்சான்."

"அப்பா, மொதல்ல ஆடுறவங்களுக்கு முட்டைதாங்கப்பா" என்று அவர் காதில் கிசுகிசுத்தேன்.

"முட்டையோ லாரியோ, மொதல் மருவாதி அவங்களுக்குத்தான்."

வெற்றிலைத் தட்டு யாருக்கு முதலில் நீட்டப்பட்டது என்பதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அப்பா சொன்னதில் தப்பில்லை. ஆக, லாரிக்காரருக்கு முட்டை, முட்டைக்காரருக்கு லாரி என்று ஆனது. நான் எழுதியதில் ஒரு வரியை மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் மாற்றப்போய் ஏதாவது தப்பாகி, அந்தப் பூனையை இன்னொருமுறை அலறவிட எனக்குத் தைரியம் இல்லை.

மாமா ஒற்றை விரலால் ஐந்தை அழுத்தினார். 'பீப்.' நடுக் கட்டத்தில் அழகாக ஒரு முட்டை வந்து உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. மாப்பிள்ளைகூட நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்தது அப்பா. திரையை உற்றுப் பார்த்தார். நடுவில் இருப்பது நல்ல இடம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். அவரும் ஐந்தை அழுத்தினார்.

'பீப்.' முட்டையைக் காணோம். அந்த இடத்தில் லாரி நின்றது.

"ஏனுங்க மச்சான், எம்முட்டை எங்கீங்க?" என்றார் மாமா.

"இங்கதானுங்க இருந்துச்சு."

"இருந்துச்சு செரி. இப்ப உங்க லாரியல்ல நிக்குது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'தப்பு நடந்துவிட்டது, நான் சரியாக எழுதவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். நாட்டுக்கே கதி நான்தான் என்று இருந்தவள் அப்படிச் சொல்வாளா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது அப்படித்தானுங்க மாமா. ஒருத்தர் காய் மேல ஒருத்தர் ஏறலாமுங்க. அதுதான் இந்த ஆட்டத்தோட ரூல்ஸ்."

"அப்படிங்களா?" என்றார் மாமா. அவரும் ஐந்தை அழுத்தினார். லாரி மேல் முட்டை ஏறியது. லாரியைக் காணோம்.

அப்பாவுக்கு இது ஞாயமாகப் படவில்லை.

"லாரி மேல முட்டை ஏறுனா லாரி எப்படீங்க காணாமப் போவும்? ஒலகத்துல எங்கியாச்சும் உண்டுங்களா?"

"உங்க லாரி ஏறுனப்ப எம்முட்டை போச்சில்லீங்க?"

"அது முட்டைங்க. ஒடையும்."

"ஒடையும்னு தெரிஞ்சவன் பாத்து ஓட்டோணுமுங்க."

"வண்டி வார வழியில முட்டைய வெச்சுப்போட்டு, பாத்து ஓட்டுன்னா எப்படீங்க?"

இந்தச் சண்டையை நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். லோடு இறக்கிய இடத்தில் உடைசல் அதிகமானால் பண்ணைக்காரர்கள், 'டிரைவர் ஓட்டின லட்சணம்' என்பார்கள். லாரிக்காரர்கள், 'நீங்க அட்டை அடுக்கின லட்சணம்' என்பார்கள். நாமக்கல் பக்கத்தில் சூரியன் கிழக்கே உதிப்பதுபோல இது அன்றாடம் நடப்பது. ஆனால் அன்றைக்கு எங்கள் கூடத்தில், இத்தனை வருஷம் அப்பா சொன்னதையெல்லாம் லாரிக்காரர் சொன்னார், லாரிக்காரர்கள் அப்பாவிடம் சொன்னதையெல்லாம் அப்பா அவருக்குத் திருப்பிச் சொன்னார். இருவரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சமையல்கட்டு வாசலில் நின்ற அம்மா, "நம்மூட்டுக்காரரு எப்பருந்துடி லாரிக்காரங்க கச்சிக்குப் போனாரு?" என்று என்னைக் கேட்டார்.

நடுவே ஆட்டமும் நடந்துகொண்டிருந்தது. கட்டம் நிறைந்தால்தான் ஆட்டம் சமன் என்று எழுதியிருந்தேன். ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டே இருந்தால் கட்டம் எப்போது நிறைவது? முட்டை ஏறியது, லாரி ஏறியது, மறுபடி முட்டை ஏறியது. 'மச்சான்' போய் 'ஏனுங்க' ஆனது. கொஞ்ச நேரத்தில் 'ஏனுங்க'வும் போயிற்று. உறவுக்காரர்கள் இரு கட்சியாகப் பிரிந்து, "ஏழ அமுக்குங்க", "மூணு, மூணு" என்று சத்தம் போட்டார்கள். "அப்பா, இது ஆட்டந்தானுங்க" என்று மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். "ஆட்டமா இருந்தா என்ன, ஞாயம் ஞாயந்தான்" என்றார் அவருடைய அப்பா. கரண்ட் போய்விடக் கூடாது என்று காலையில் வேண்டிக்கொண்டவள், இப்போது போகாதா என்று வேண்டினேன். வாரத்தில் எல்லா நாளும் போகிற கரண்ட் அன்றைக்குக் கல்லுமாதிரி நின்றது.

கடைசியில் மாமா ஒன்பதை அழுத்தினார். மூன்று முட்டை ஒரே வரிசையில் நின்றன. அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்பாவும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். சம்பந்தி வீட்டார் ஜெயிப்பதுதானே அழகு? "என்ன இருந்தாலும் முட்டை முட்டைதானுங்க மச்சான்" என்றார். 'மச்சான்' திரும்பி வந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. நடுவில் பெரிதாக ஒரு லாரி வந்தது. அதற்குக் கீழே ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அதைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு விஜயா சொன்னது ஞாபகம் வந்தது.

"என்ன சாமி எழுதியிருக்குது?" என்று மாமா தன் மகனைக் கேட்டார்.

மாப்பிள்ளை படித்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்கப்பா. ஆட்டம் முடிஞ்சுதுன்னு போட்டிருக்குது."

நல்ல மனிதர். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருடைய அம்மா எட்டாவது வரை படித்தவராம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரைக்குக் கிட்டே நகர்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தார்.

"பி... ஓ... ஐ. போய்." எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெருமை அவர் குரலில் இருந்தது. "எம்... ஏ... மா. டி... யு... டு. மாடு."

மூன்றாவது வார்த்தையை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. படிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"லாரி படத்தைப் போட்டு மாடு மேய்க்கச் சொல்லியிருக்குது. லாரிக்காரங்கன்னா அத்தன எளப்பமாப் போச்சுங்களா?"

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. என் பெங்களூர், என் வேலை, எல்லாம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தன. எப்படியாவது அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தவேண்டும் என்ற ஒரே நினைப்பில், வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தையைச் சொன்னேன்.

"அய்யோ, உங்கள இல்லீங்க அத்தை. அந்த லாரி எங்கப்பாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அத்தனை பேர் முன்னால், கரை வேட்டி கட்டி நின்ற என் அப்பாவை நான் கைகாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெட்டிக்காகக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறியவரை.

"ஓ. பெத்த அப்பன மாடு மேய்க்கச் சொன்னயா?" என்றார் அந்த அம்மாள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க. தோத்தது நாந்தானுங்க. எம்புள்ள எழுதுனது செரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு வெளியே பார்த்துவிட்டு, "மாட்டைத் தண்ணிக்கு அவுத்து உடற நேரமாச்சுங்க. காப்பி குடிச்சுட்டு இருங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் புது வேட்டியோடு பின்கட்டு வழியாக மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கயிறு அவிழ்க்கும் சத்தமும், 'ஹோய்' என்று மாட்டை ஓட்டும் சத்தமும் கேட்டன. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அந்த வரனைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் செய்தார். அது நடக்கவில்லை. "அப்பன இப்படிச் சொல்றவ நாளைக்கு மாமனார என்னன்னு சொல்லுவாளோ" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "ஊட்டுக்குப் போயிக் கலந்து பேசிச் சொல்லி உடறமுங்க" என்றார்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு அப்பா உள்ளே வந்தார். வேட்டிக் கரையெல்லாம் சாணி. திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். டிவி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்றார்.

"லாரி நல்லாத்தான் வரைஞ்சிருக்கற சாமி. டயரெல்லாம் வெச்சு" என்றார்.

நான் அழுத அழுகையில் அம்மா பயந்துபோய் எனக்கு விபூதி வைத்தார்.

செய்தி பரவியதைத் தனியாகச் சொல்லவேண்டுமா? எங்கள் பக்கத்தில் செய்தி லாரியில் போகும். திருச்செங்கோடு போய்ச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் வாய்விட்டே பேசியிருந்தது. ராசிபுரத்துக்குப் போனபோது அது மாப்பிள்ளையின் அப்பாவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தது. வரிசையில் நின்ற என் மாமன் மகன்கூட, "நமக்கு ஆவாதுங்க, கோழியெல்லாம் மாடாயிரும்" என்று விலகிக்கொண்டான். வரன் என்று ஒரு காக்காய்கூட எங்கள் வாசலில் வந்து உட்காரவில்லை. வருஷம் ஒன்று இப்படிப் போனதும், "சும்மா இருக்கறதுக்கு மேல படிக்கட்டும்" என்று அப்பாவே என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பி, கம்ப்யூட்டர் படிப்பிலேயே சேர்த்துவிட்டார். மானம் போனதால் எனக்குக் கிடைத்த படிப்பு அது. (பிற்பாடு கல்யாணமும் ஆனது. அந்த வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று அம்மா டிவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார்.)

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாரும் 'தோற்றான்' என்று சொல்வதில்லை. பரீட்சையில் போனாலும், பஞ்சாயத்துத் தேர்தலில் போனாலும், "அவனுக்கு லாரி வந்துருச்சு" என்பார்கள். குழந்தைகளும் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். காது மட்டும் சூடாகிவிடும்.

பெங்களூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அப்பா என்னைப் பார்க்க ஆபீஸுக்கே வந்துவிட்டார். கையில் முட்டை அட்டை. என்னோடு வேலை செய்தவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என் மேலதிகாரியும் சேலத்துக்காரர். "உங்க பொண்ணு நிறைஞ்ச எடத்துல யாராச்சும் கை வெச்சா என்ன ஆகும்னு நூறு தடவை கேட்பாங்க. இவ்வளவு ஜாக்கிரதையை எங்க கத்துக்கிட்டாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அந்தக் கதை மட்டும் வேண்டாம் அப்பா என்று.

அப்பா அட்டையை மேஜைமேல் பத்திரமாக வைத்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். ஊர்ப் பெரியதனக்காரர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதுபோல அத்தனை பெருமையாகச் சொன்னார்:

"எம்புள்ள எழுதுன மொதல் ப்ரோக்ராமுல தோத்தவன் நாந்தானுங்க. அது சொன்ன வேலையத்தான் இன்னைக்கு வரைக்கும் பாத்துட்டிருக்கறேன்."